பனியாற்று ஏரிக்கு ஒரு நாள் நடை

இமயமலைத் தொடரில் நாலாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் எண்ணற்ற ஏரிகள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை பனியாறுகளின் செயலால் உண்டானவை. பல ஏரிகளை அடைவதற்குச் சுமையாட்களுடனும் கூடாரங்களுடனும் பல நாட்கள் செல்ல வேண்டும். எனினும், விடியற்காலையில் தங்குமிடத்தை விட்டுப் புறப்பட்டு, ஏரியைக் கண்டு, மாலைக்குள் திரும்பத்தக்க ஏரிகளும் சில உண்டு. பனியாற்றின் வேலையையும், உயரத்துக்கேற்ப மாறும் தாவர இனங்களையும், காற்றழுத்தத்தின் குறைவையும் ஒரே நாளில் நேரிற் காட்டுவதற்கு இவற்றைவிடச் சிறந்த இடம் மாணவர்க்குக் கிடைப்பது அரிது. வனம், நில ஆய்வு, நீரியல் ஆகிய துறைகளிற் புதிதாகப் பணியேற்போர்க்கும் இத்தகைய நடை நல்ல பயிற்சியாகும்.

ஒரு நாள் நடை என்ற பெயரே சிலரை ஏமாற்றிவிடுகிறது. தொலைவு குறைவாயிருப்பதால் முன்னேற்பாடு வேண்டியதில்லை என்று அவர்கள் கருதுகின்றனர். உண்மையில் அந்த ஒரு நாளின் வெற்றி, அதற்கு முந்திய மூன்று இரவுகள் எங்குக் கழிந்தன என்பதையும், அன்று எந்த மணிக்குக் குழு திரும்ப முடிவு செய்கிறது என்பதையும் பொறுத்திருக்கிறது. உத்தரகண்ட மாநிலத்தின் சமோலி மாவட்டத்திலுள்ள ஹேமகுண்டம் என்னும் ஏரியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இத்திட்டத்தை ஈண்டு ஆராய்வோம்.

இடமும் வழியும்

ஹேமகுண்டம் சீக்கியர்க்குப் புனிதமான தலம். ஏரிக்கரையில் குரு கோவிந்த சிங்கின் நினைவாக அமைந்த குருத்துவாராவும், அருகில் இலக்குமணன் கோயிலும் உள்ளன. கோடையிலும் மழைக்காலத்திலும் பல்லாயிரம் யாத்திரிகர் இங்கு ஏறிச் செல்கின்றனர். ஆகையால் வழி நன்கு அமைக்கப்பட்டுள்ளது. தனியிடத்தில் வழி தவறும் அச்சமில்லை. முதன்முறையாக உயரத்திற்குச் செல்லும் குழுவுக்கு இது பெரிய நன்மை.

ரிஷிகேசத்திலிருந்து மோட்டார்ச் சாலை அலகநந்தை ஆற்றின் ஓரமாக ஜோஷிமட்டை அடைகிறது. அதன் உயரம் ஏறத்தாழ 1,900 மீட்டர். அங்கிருந்து பத்ரிநாதம் செல்லும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் சென்றால் கோவிந்த்காட் வரும். அவ்விடத்திற் பெருஞ்சாலையை விட்டுப் பிரிந்து, புல்னா என்னும் சிற்றூர் வரை ஜீப்பிலும், அப்பால் சுமார் 10 கிலோமீட்டர் நடந்தும் காங்கரியாவை அடையலாம். காங்கரியா ஏறத்தாழ 3,050 மீட்டர் உயரத்தில் உள்ளது. தென்னிந்தியாவின் மிகவுயர்ந்த சிகரமான ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர்தான். எனவே இரவு தங்கும் ஊரே அச்சிகரத்தினும் உயர்ந்தது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

காங்கரியாவைக் கடந்ததும் வழி இரண்டாகப் பிரிகிறது. இடப்புற வழி மலர்ப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவுக்குச் செல்கிறது. வலப்புற வழி, கல் பதித்த பாதையாக வளைந்து வளைந்து ஏறி, சுமார் 6 கிலோமீட்டரில் ஹேமகுண்டத்தை அடைகிறது. இறுதிப் பகுதியில் வளைவுகளைத் தவிர்த்து நேராக ஏறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளும் உண்டு. களைத்த மாணவர் படிகளைக் கண்டு குறுக்குவழி என மகிழ்வர். ஆனால் மூச்சுத் திணறுவது அங்கேதான். ஏறும்போது பாதையையும், முழங்கால் உறுதியுடையோர் இறங்கும்போது படிகளையும் பயன்படுத்துவது நலம். ஏரியில் இரவு தங்க இயலாது. வந்தவர் அனைவரும் அன்றே இறங்கியாக வேண்டும்.

உயரம் எவ்வளவு?

ஏரியின் உயரத்தைப் பற்றி இரு வேறு எண்கள் நூல்களிலும் வழிகாட்டிகளிலும் வழங்குகின்றன. சில 4,329 மீட்டர் என்கின்றன. வேறு சில 4,632 மீட்டர் என்கின்றன. முந்நூறு மீட்டர் வேறுபாடு நடப்பவனுக்குச் சிறிதன்று. திட்டமிடுபவர் இரண்டு எண்களுக்கும் கணக்கிட்டுப் பார்த்து, கூடுதல் நேரம் கேட்கும் எண்ணுக்கும் இடங்கொடுத்துத் திட்டம் வகுத்தல் முறை. பாரமானி கொண்டு சென்று ஏரிக்கரையில் அழுத்தத்தை அளப்பதற்கு இவ்வேறுபாடே தக்க காரணமாகும்.

காற்றிற் பிராணவாயுவின் பங்கு எந்த உயரத்திலும் ஏறக்குறைய 21 சதவீதமே. குறைவது பங்கன்று, அழுத்தம். கடல் மட்டத்தில் 1,013 மில்லிபாராக உள்ள அழுத்தம், திட்ட வாயுமண்டலக் கணக்கின்படி, காங்கரியாவின் உயரத்தில் 700 மில்லிபாராகவும், 4,300 மீட்டரில் 590 மில்லிபார் அளவாகவும் குறைகிறது. அஃதாவது, ஏரிக்கரையில் ஒருவர் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும், சமவெளியிற் கிடைக்கும் பிராணவாயுவில் ஐந்தில் மூன்று பங்கே கிடைக்கிறது. இக்குறையை ஈடுசெய்ய உடல் முதலில் மூச்சை விரைவாக்குகிறது; இதயத் துடிப்பை மிகுதிப்படுத்துகிறது; பின்னர்ச் சில நாட்களில் இரத்தத்தின் தன்மையையும் மாற்றிக்கொள்கிறது. இம்மாறுதல்களுக்கு நாட்கள் தேவை. மன உறுதியாலோ, தேகப் பயிற்சியாலோ அவற்றை ஒரே நாளில் வரவழைக்க முடியாது. விளையாட்டு வீரனான மாணவனும் மெலிந்த மாணவனும் இவ்வகையில் ஒன்றே.

முந்திய மூன்று இரவுகள்

மூவாயிரம் மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தலாகாது என்பது மலை மருத்துவர் கூறும் பொது விதி. பகலில் உயரச் சென்று இரவில் தாழ்வான இடத்தில் உறங்குவது இவ்விதிக்கு இயைந்தது, உடலுக்கும் நன்று. ஹேமகுண்டப் பயணம் இயல்பாகவே இவ்வமைப்பை உடையது. ஆயினும் ரிஷிகேசத்திலிருந்து விரைந்து வந்து, மறுநாள் காங்கரியாவிலும், அதற்கு மறுநாள் ஏரியிலும் நிற்கும் குழு, இரண்டரை நாட்களுக்குள் நாலாயிரம் மீட்டர் ஏறியதாகிறது. தலைவலியுடன் பாதி வழியில் அமர்ந்துவிடும் யாத்திரிகருட் பலர் இவ்வாறு வந்தவர்களே.

ஆகையால் கீழ்க்காணும் ஒழுங்கு பரிந்துரைக்கத்தக்கது. முதல் இரவு ஜோஷிமட்டில். இரண்டாம் இரவு காங்கரியாவில். மூன்றாம் நாள் மலர்ப் பள்ளத்தாக்குக்கு நிதானமாகச் சென்று திரும்பி, அன்றிரவும் காங்கரியாவிலேயே தங்குதல். நான்காம் நாள் ஏரி. பலரும் ஏரியை முதலிலும் பள்ளத்தாக்கைப் பின்னரும் வைத்துக்கொள்கின்றனர். அவ்வரிசையை மாற்றினால், செலவு சிறிதும் கூடாமல், உடலுக்கு ஒரு முழு நாள் கிடைக்கிறது. மேலும், பள்ளத்தாக்கு நடையன்று யார் மெதுவாக நடப்பவர், யாருடைய காலணி காலைக் கடிக்கிறது, யார் உண்ணாமல் எழுந்துவிடுகிறார் என்பவற்றைத் தலைவர் அறிந்துகொள்ளலாம். இதய நோய், ஆஸ்துமா முதலியன உடையோர் புறப்படுமுன் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். உயர நோய்க்கான மாத்திரைகளையும் மருத்துவர் கூறியவாறன்றி உட்கொள்ளலாகாது.

நேரக் கணக்கு

மலை நடைக்கு ஆகும் நேரத்தைக் கணிக்க ஓர் எளிய விதி உண்டு. ஸ்காத்லாந்து நாட்டு மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் என்பார் 1892-ஆம் ஆண்டில் அதனை வகுத்தார். தொலைவில் மூன்று மைலுக்கு ஒரு மணியும், ஏற்றத்தில் 2,000 அடிக்கு ஒரு மணியும் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவ்விதி. மெட்ரிக் அளவையில் இதனை 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்திற்கு ஒரு மணி எனக் கொள்ளலாம்.

காங்கரியாவிலிருந்து ஏரிக்கு 6 கிலோமீட்டர்: 72 நிமிடம். ஏற்றம், 4,329 மீட்டர் என்ற எண்ணைக் கொண்டால், ஏறத்தாழ 1,280 மீட்டர்: 128 நிமிடம். மொத்தம் 3 மணி 20 நிமிடம். ஆனால் இது தாழ்ந்த மலைகளில், திடமான மனிதர் ஓய்வின்றி நடக்கும் கணக்கு. மெல்லிய காற்றுக்கும், மாணவர் குழுவின் தாமதங்களுக்கும் இதனிற் பாதியைக் கூட்டினால் 5 மணி ஆகிறது. உயரம் 4,632 மீட்டராயின் இன்னும் முக்கால் மணி சேரும். இறங்குவதற்கு 3 மணி ஒதுக்குவது போதுமானது.

இனி, இக்கணக்கைப் பின்னிருந்து முன்னாக அமைக்க வேண்டும். மலையில் முகிலும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில் திரள்கின்றன. எனவே பிற்பகல் 3 மணிக்குள் காங்கரியாவில் இருத்தல் வேண்டும். அதற்கு நண்பகல் 12 மணிக்கு இறங்கத் தொடங்க வேண்டும். ஏரியில் ஒன்றரை மணி நேரம் வேண்டுமாயின் 10-30 மணிக்கு அங்கு இருக்க வேண்டும். ஆகவே காலை 5-30 மணிக்குப் புறப்பாடு. ஜூன் மாதத்தில் ஐந்தேகால் மணியளவிலேயே கதிரவன் உதிப்பதால் இது எளிது. அக்டோபர்த் தொடக்கத்திலோ ஆறு மணிக்குப் பின்னரே உதயம். முதற் பகுதியைக் கைவிளக்கின் ஒளியில் நடக்க நேரும். மாலை ஆறு மணிக்கே இருளும்.

நண்பகல் 12 மணி என்பது திரும்பும் நேரம். குழு எங்கு நின்றாலும், ஏரி கண்ணுக்குப் புலப்படினும் படாவிடினும், அந்நேரத்திற் திரும்புதல் வேண்டும். இந்நேரத்தை முந்திய இரவே எல்லோர் முன்னிலையிலும் அறிவித்துவிட வேண்டும். மலையில் நின்றுகொண்டு முடிவு செய்ய முற்பட்டால், களைத்த மனம் "இன்னும் சிறிது தூரம்" என்றே கூறும். பிராணவாயுக் குறைவு தீர்ப்புத் திறனையும் மங்கச் செய்வதால் அம்மனத்தை நம்புவதற்கில்லை.

பாதி வழியில் ஒரு முறை கடிகாரத்தைப் பார்ப்பது பெரும்பயன் தரும். மூன்றாவது கிலோமீட்டரைக் காலை 8 மணியளவில் எட்டினால் திட்டம் சரியாக நடக்கிறது. 9 மணிக்கு எட்டிய குழு மூன்றரை மணி எடுத்துக்கொண்டதாகிறது. மேற்பாதி கடினமானதாகையால் எஞ்சிய வழிக்கு அதற்குக் குறையாத நேரம் வேண்டும். ஏரியை 12-30 மணிக்கு முன் அடைய முடியாது. அக்குழு ஏரிக்குச் செல்லவில்லை என்பதை ஆசிரியர் பாதி வழியிலேயே அறிந்து, மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தையே அன்றைய பாடமாக்கிக்கொள்வது அறிவுடைமை.

உயர நோயின் அறிகுறிகள்

தலைவலி, பசியின்மை, குமட்டல், தலைச்சுற்றல், மிகுந்த சோர்வு ஆகியன உயர நோயின் தொடக்க அறிகுறிகள். சமவெளியில் இவற்றிற்கு நூறு காரணங்கள் கூறலாம்; உயரத்திலோ, வேறு காரணம் தெளியும் வரை, உயர நோய் என்றே கொள்ள வேண்டும். அறிகுறி உடையவர் அதற்கு மேல் ஏறலாகாது. அறிகுறி வளருமாயின் உடனே இறங்க வேண்டும். முந்நூறு மீட்டர் இறங்குதலே பலருக்குக் குணம் தருவதாகும்.

இரண்டு நிலைகள் உயிருக்கு ஆபத்தானவை. ஓய்ந்து அமர்ந்திருக்கும்போதும் மூச்சுத் திணறல், இருமல், உதடும் நகமும் நீலம் பாய்தல் ஆகியவை நுரையீரலில் நீர் கோப்பதைக் காட்டுகின்றன. தள்ளாட்டமும் குழப்பமான பேச்சும் மூளை வீக்கத்தைக் காட்டுகின்றன. பின்னதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு: ஒரு காலின் குதிகாலை மற்றதன் விரல் நுனியிற் பொருந்த வைத்து, நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் செய்தல். தடுமாறுபவரை நடக்க விடாமல், கோவேறு கழுதையிலோ ஆள் சுமக்கும் டண்டியிலோ ஏற்றி அக்கணமே கீழே கொண்டுசெல்ல வேண்டும்.

சிறுவர்கள் தம் உடல் நிலையைத் தாமே கூறமாட்டார்கள். ஏரியைக் காணும் வாய்ப்புப் போய்விடும் என்று அஞ்சி மறைப்பதும் உண்டு. ஆகையால் ஒவ்வோர் ஓய்விலும் ஆசிரியரே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நோயுற்றவரைத் தனியே அனுப்புதல் கூடவே கூடாது. முன்னே ஒருவர், கடைசியில் ஒருவர், திரும்ப நேர்வோருடன் இறங்குவதற்கு ஒருவர் என மூன்று பெரியோரேனும் இல்லாத மாணவர் குழு இந்நடையை மேற்கொள்ளலாகாது.

பருவமும் பொருள்களும்

வழி வழக்கமாக மே இறுதியிலிருந்து அக்டோபர் முற்பகுதி வரை திறந்திருக்கும். பருவத் தொடக்கத்தில் மேற்பகுதி பனியால் மூடப்பட்டிருக்கும். இராணுவத்தினர் பனியை வெட்டி வழி திறப்பது வழக்கம். அக்காலத்தில் ஏரியும் உறைந்திருக்கக் காணலாம். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மலர்கள் மிகுதி. மழையும் சாலைச் சரிவுகளும் மிகுதி. செப்டம்பரின் பிற்பகுதியில் வானம் தெளியும். மாணவர்க்கு அதுவே ஏற்ற காலம். 2013-ஆம் ஆண்டு ஜூன் மாதப் பெருமழையில் கோவிந்த்காட்டுப் பாலமும் இவ்வழியின் பல பகுதிகளும் அழிந்துபட்டன. ஆகவே புறப்படுமுன் வானிலைத் துறையின் அறிவிப்பையும், மாவட்ட நிருவாகத்தின் வழிநிலை அறிவிப்பையும் கேட்டறிதல் இன்றியமையாதது.

காற்று ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை சராசரி ஆறரை பாகை குறைகிறது. காங்கரியாவினும் ஏரிக்கரை எட்டு பாகையளவு குளிர்ந்திருக்கும். நனைந்த உடையும் காற்றும் சேர்ந்தால் கோடையிலும் உடல் விறைக்கும். நனைந்த பருத்தி உடை வெப்பத்தைக் காப்பதில்லை. எனவே உடலை ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை இழை உடை, அதன் மேல் கம்பளிச் சட்டை, எல்லாவற்றிற்கும் மேல் மழைக் கோட்டு எனப் பல அடுக்காக அணிதல் வேண்டும். உயரம் கூடுந்தோறும் புற ஊதாக் கதிர்கள் ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 10 சதவீதம் மிகுவதால், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் தேவை. ஆளுக்கு இரண்டு லிட்டர் நீர், வெல்லம், வறுத்த கடலை, உலர்ந்த பழங்கள், கைவிளக்கு, ஊதல், மாற்றுக் காலுறை ஆகியன சிறு பையில் அடங்கும். தொலைபேசித் தொடர்பை நம்பித் திட்டமிடலாகாது. பாதையிற் கோவேறு கழுதைகள் வரும்போது மலைச் சரிவை ஒட்டிய பக்கமாக ஒதுங்க வேண்டும். பள்ளத்தின் பக்கம் நிற்பவரைச் சுமை இடித்துத் தள்ளிவிடும்.

ஏரி உண்டானவாறு

ஏரியைச் சூழ்ந்து சிகரங்கள் நிற்கின்றன. பனியாறு தான் தோன்றும் இடத்திற் பாறையைக் குடைந்து கிண்ணம் போன்ற பள்ளத்தை உண்டாக்குகிறது. பனி உருகி மறைந்தபின் அப்பள்ளத்தில் நீர் தேங்கி ஏரியாகிறது. ஹேமகுண்டத்தின் நீர் ஓடையாக வழிந்தோடி, காங்கரியாவின் அருகே மலர்ப் பள்ளத்தாக்கின் புஷ்பாவதியுடன் கூடி, கோவிந்த்காட்டில் அலகநந்தையிற் கலக்கிறது. நீர் தானே வழிந்தோட நிலையான வாயில் இருப்பது ஏரிக்கு ஒரு பாதுகாப்பு.

வேறு வகை ஏரிகளும் உள. பனியாறு அரைத்துக் கொணர்ந்த கல்லும் மண்ணும் கரைபோலக் குவிந்து, அக்கரைக்குப் பின்னால் நீர் தேங்குவதுண்டு. இக்குவியலைச் சிமெண்டு போலப் பிணைப்பது எதுவும் இல்லை. கேதார்நாதத்திற்குச் சுமார் 2 கிலோமீட்டர் மேலே இருந்த சோராபாரி ஏரி இவ்வகையினது. காந்தியடிகளின் நினைவாகக் காந்தி சரோவர் எனவும் அது வழங்கப்பட்டது. யாத்திரிகர் ஒரு நாள் நடையாகச் சென்று கண்டு வந்த ஏரி அது. அதற்கு நிலையான வடிகால் இல்லை. 2013 ஜூன் 15, 16 தேதிகளில் 300 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மழை பெய்ததென வாடியா இமாலய நிலவியல் நிறுவனத்தின் அளவை காட்டியது. மழைநீரும் பனிநீரும் நிரம்பி, 17-ஆம் தேதி காலையிற் கரை உடைந்தது. சில நிமிடங்களில் ஏரி முழுவதும் வடிந்து கேதார்நாதத்தின் மீது பாய்ந்தது. 2023 அக்டோபர் 3-ஆம் தேதி இரவு சிக்கிமில் தெற்கு லோனாக் ஏரியிற் பக்கக் கற்குவியல் சரிந்து விழ, எழுந்த அலையால் முன்கரை உடைந்தது. அவ்வெள்ளம் சுங்தாங்கிலிருந்த அணையை அழித்தது. மலை ஏரிக்குச் செல்லும் எவரும், அதன் கரை பாறையா கற்குவியலா, நீர் வெளியேற வழி உண்டா என்னும் இரு வினாக்களையும் முதலிற் கேட்டறிதல் வேண்டும். கடும் மழை பெய்யும் நாட்களில் கற்குவியல் ஏரிகளின் அருகிலும், அவற்றின் கீழுள்ள ஓடைக் கரைகளிலும் தங்கலாகாது.

மாணவர் செய்யத்தக்கவை

சிறு பாரமானியும் இரண்டு வெப்பமானிகளும் போதும். காங்கரியா, பாதி வழி, ஏரிக்கரை ஆகிய மூன்று இடங்களிலும் காற்றின் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளலாம். கரையோரம் கால் வைக்காமல் வெப்பமானியைக் கயிற்றில் இறக்கி நீரின் வெப்பநிலையை அறியலாம். கொதிக்கும் நீரில் வெப்பமானியை வைத்தால், காங்கரியாவில் 90 பாகையளவும், ஏரிக்கரையில் 86 பாகையளவும் காட்டும். பருப்பு ஏன் வேகவில்லை என்பதற்கு விடை அதில் உள்ளது. இவ்வளவுகளிலிருந்து ஏரியின் உயரத்தைக் கணித்து, இரு எண்களில் எது பொருந்துகிறது என மாணவர் தாமே தீர்மானிக்கட்டும்.

தாவரங்களின் வரிசை மற்றொரு பாடம். கீழே ஊசியிலை மரங்கள்; அவற்றிற்கு மேல் வெண்பட்டை உரியும் பூர்ஜ மரங்கள்; பின்னர்ப் புதர்கள்; இறுதியிற் புல்வெளி. மேற்பகுதியில் நீலக் கசகசா மலரும், உத்தரகண்டத்தின் மாநில மலராகிய பிரம்ம கமலமும் பூக்கும். பிரம்ம கமலத்தின் வெளிறிய மெல்லிதழ்கள் பூங்கொத்தைப் போர்த்திக் குளிரினின்றும் மழையினின்றும் காக்கின்றன. இவற்றைப் படம் எழுதிக்கொள்ளலாம், பறித்தல் கூடாது. கொண்டுசென்ற காகிதம், பிளாஸ்டிக் யாவும் பையிலேயே திரும்ப வேண்டும். குளிர்ந்த உயரத்திற் குப்பை மக்குவதில்லை.

காங்கரியா திரும்பியதும் தலைவர் ஆட்களை எண்ணிப் பார்த்து, எல்லோரும் சூடாக உண்டபின், புறப்பட்ட நேரம், பாதி வழியை எட்டிய நேரம், திரும்பிய நேரம், நோயுற்றோர் நிலை ஆகியவற்றை அன்றிரவே குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். நண்பகலில் ஏரியைக் காணாமலே திரும்பிய குழுவின் குறிப்பும் இதில் இடம்பெறத்தக்கதே. அடுத்த ஆண்டு அவ்வழியே மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியருக்கு அக்குறிப்பே முதல் வழிகாட்டியாகும்.